தோளில் கிடந்த கை

தயிர்சாதத்தில் மாதுளை முத்து போட்டிருந்தாள் பூங்கொடி. ஏன் போட்டாள் என்றுதான் வசந்தாமணிக்குப் பிடிபடவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள், அந்தக் கொலைக் கேசுக்காகக் கோர்ட்டுக்கு வருகிறவள், விடியக்காலையில் எழுந்து சோறு வடித்து, தயிர் ஊற்றிப் பிசைந்து, அதோடு விட்டாளா, ஒரு மாதுளம்பழத்தை உதிர்த்து மேலே தூவி, "கௌசிக்குக்குப் புடிக்குமுங்க்கா, அவனுக்கும் சேத்தித்தான் கொண்டாந்தேனுங்" என்று டப்பாவை நீட்டுகிறாள். கௌசிக் வசந்தாமணியின் மகன். பூங்கொடியின் செத்துப்போன பிள்ளை யுகேந்திரனுக்கு உயிர்ச் சிநேகிதன். அப்படி உயிர்ச் சிநேகிதர்கள் என்று இருந்தவர்கள் நாலு பேர். வயசில் மூத்த மூன்று பேர் போலீஸ் வேனில் வந்து இறங்கி உள்ளே கூண்டில் நிற்கிறார்கள். நாலாமவன் சாட்சியாக வந்து, டீ வாங்கப் போயிருக்கிறான். வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் இரண்டு அம்மாக்களும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். போகிற வருகிற வக்கீல்களுக்கு அக்கா தங்கச்சி என்றுதான் தோன்றும். ஒரு வாய் எடுத்து வைத்தாள் வசந்தாமணி. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் தொல்லை. இவள் எதையோ தெரிந்துகொண்டு, தெரிந்தும் தெரியாதவளாக ஊட்டிவிட்டுப் பார்க்கிறாளோ? சேச்சே, பாவம், என்ன நினைப்பு இது. பூங்கொடி காலையிலேயே சாட்சி சொல்லி முடித்துவிட்டாள். வீட்டுக்குப் போயிருக்கலாம். "நீங்க தனியா உக்காந்துருப்பீங்கன்னு இருக்கறேனுங்க்கா" என்றாள். அதுவும் பாசமா, காவலா? அடுத்தது வசந்தாமணியின் முறை. சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. யுகேந்திரன் கடைசியாகப் போட்டிருந்த சட்டையை அடையாளம் காட்ட வேண்டும், அது அவள் தைத்த சட்டை. பிறகு இன்னும் ஒரே ஒரு வாக்கியம். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க என் பையன் வீட்டில்தான் இருந்தான். போன வருஷம் இன்ஸ்பெக்டரிடம் சொன்ன வாக்கியம். அதையே இன்றைக்குச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். "ஸ்டேஷன்ல சொன்னதை அப்படியே சொல்லுங்கம்மா, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்" என்று ஏட்டய்யா காலையிலிருந்து இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போனார். இரண்டு தரம் எதற்கு? ஒரு தரம் சொன்னால் போதாதா? அந்த ஆளுக்கும் ஏதோ மூக்கில் வேர்க்கிறது.

இன்ஸ்பெக்டரிடம் அதைச் சொன்னபோது பொய் சொல்கிறோம் என்று அவள் நினைக்கவே இல்லை. பொய் என்று இப்போதும் சொல்ல முடியாது. அதுதான் அவள் பிடி, வழுக்குகிற பிடி. ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், யூனிபார்ம் துணி மலையாகக் கிடந்தது. மெஷினை விட்டு எழுந்தால் ஆகாது என்று மிதித்துக்கொண்டிருந்தாள். இருட்டக் கட்டுகிற நேரத்தில் யுகா வந்தான். எல்லாருக்கும் அவன் யுகாதான். "சட்டை ஆச்சுங்களா அத்தை?" நீலக் கட்டம் போட்ட துணி. அவனே ஈரோட்டுச் சந்தையில் மலிவாக எடுத்து வந்தது, அளவு பத்தாத துணி. ஜோப்புக்கு மிச்சம் இருந்த துண்டைக் குறுக்கே வைத்து வெட்டியதில், உடம்புக் கட்டம் ஒரு பக்கம் போகிறது, ஜோப்புக் கட்டம் இன்னொரு பக்கம் போகிறது. "நாளைக்குக் கொண்டா கண்ணு, வேற துண்டு வெச்சு மாத்தித் தாரேன்" என்றாள். "யாரு பாக்கப் போறாங்க, உடுங் அத்தை" என்று அங்கேயே மாட்டிக்கொண்டு, பீரோக் கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தான். பதினேழு வயசு. மீசை வருகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிற வயசு. "கௌசிக் எங்கீங்?" "மாடியில படுத்துக் கெடப்பான், கூப்புடு." அவன் கூப்பிடவில்லை. சிரித்துக்கொண்டு, "வேண்டாமுங், அப்பறம் பாத்துக்கறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தச் சிரிப்பை இத்தனை நாளில் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டாள். மாடியில் அவன் இல்லை என்று யுகாவுக்குத் தெரிந்திருந்ததா? எங்கே இருக்கிறான் என்று தெரிந்துதான் அங்கே போனானா? ஒருவேளை பையன் தூங்குகிறான், எழுப்ப வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தானோ? மெஷின் சத்தத்தில் மாடிப்படியில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று எவளுக்குக் கேட்கும்? ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கௌசிக் வந்து உட்கார்ந்தான். தலை ஈரமாக இருந்தது. "இந்நேரத்துல எதுக்குடா தலைக்கு ஊத்துன?" "மேல ஒரே புழுக்கம்மா." தோசை வார்த்துப் போட்டாள், வேண்டாம் போதும் என்கிற வரைக்கும் சாப்பிட்டான். ஒரு வாய் இறங்காமல் தட்டைத் தள்ளியிருந்தானானால் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பாள். சாப்பிட்டானே. கொலையில் கைவைத்தவனுக்குத் தோசை இறங்குமா? இறங்காது என்று ஒரு வருஷமாக அவள் தன்னிடமே வாதாடிக்கொண்டிருக்கிறாள், ஆனால் கொலையில் கைவைத்தவர்கள் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. மறுநாள் வாய்க்காலில் யுகா மிதந்தான். பிறகு இன்ஸ்பெக்டர் வந்து, உங்க பையன் எங்கம்மா இருந்தான் என்று கேட்டார். வீட்டுலதான், மாடியில படுத்துருந்தான் என்று சொன்னாள். எந்தத் தாயும் வாயைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். அவர் எழுதிக்கொண்டார்.

அந்த ஃப்ளெக்ஸ் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்த மட்டோடு போயிருக்கும். எவனாவது செத்தால் சிநேகிதர்கள் சேர்ந்து கண்ணீர் அஞ்சலி என்று ஃப்ளெக்ஸ் வைக்காத ஊர் இந்தப் பக்கத்தில் உண்டா? யுகாவைக் கொண்டுவந்த அன்றைக்கே பஸ் ஸ்டாப்பில் பெரிதாக ஒன்று நின்றது. நடுவில் யுகா, சுற்றிலும் புறா, மேகம், விளக்கு. கீழே வட்டத்துக்குள் நாலு சிநேகிதர்கள் முகம். மூன்று பேரைப் போலீஸ் பிடித்த பிறகு ஊரே காறித் துப்பியது, கொன்னவனுகளே பேனரும் வெச்சிருக்கானுக பாருங்க, என்ன நெஞ்சழுத்தம் என்று. கௌசிக்தான் ஏறி அதைக் கழற்றிக்கொண்டு வந்தான், அடிப்பக்கத்து முகங்களை அறுத்து எறிந்துவிட்டு. "எரிச்சரலாம்மா" என்றான். இவள்தான் விடவில்லை. நல்ல கனமான ஃப்ளெக்ஸ், மெஷின் இருக்கிற அறைக்கு மேலே ஷீட் ஒழுகுகிறது, மழைக்கு ஆகும். எங்கள் பக்கத்துப் பொம்பளைகளுக்கு ஃப்ளெக்ஸை வீணாக்க மனசு வராது. தலைவர் முகமானாலும் சரி, கல்யாண மாப்பிள்ளை முகமானாலும் சரி, ஆட்டுக் கொட்டகைக்கு மேலே போய்விடும். அவனே ஏறிப் படம் தெரியாமல் கவிழ்த்துப் போட்டுக் கல் வைத்தான். வருஷம் ஒன்று ஓடியது. போன வாரம் அடித்த மழைக்காற்றில் அது புரண்டுவிட்டது. சரி பண்ணலாம் என்று ஏணி வைத்து ஏறினவள், யுகாவின் நெஞ்சுக்கு நேரே போய் நின்றாள். நீலக் கட்டம். ஜோப்பு. ஜோப்புக் கட்டம் தனியாக இழுத்துக்கொண்டு போகிறது. முதலில் தன் தையல் கோளாறைப் பார்த்துக் கூச்சம்தான் வந்தது அவளுக்கு, இத்தனை பெரிதாகப் போட்டு ஊருக்கே காட்டியிருக்கிறார்களே என்று. அப்புறம்தான் உறைத்தது. இந்தச் சட்டையை அவன் போட்டது ஒரே ஒரு தடவை. அவள் வீட்டுக் கண்ணாடி முன்னால் போட்டவன், உயிரோடு கழற்றவில்லை. அப்படியானால் இந்தப் போட்டோ, அவன் இவள் வீட்டு வாசலைத் தாண்டின பிறகு எடுத்த போட்டோ. சாவுக்கு முன்னால், அதே சாயங்காலம். அதுவும் தானே எடுத்துக்கொண்டது இல்லை. யுகாவின் தோள்மேல் ஒரு கை கிடந்தது. ஃப்ளெக்ஸ்காரன் பக்கத்து ஆளை வெட்டி எடுத்துவிட்டு மேகத்தை ஒட்டினவன், தோளில் இருந்த விரல்களை விட்டுவிட்டான். விரல் ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்கு. நடுவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. கௌசிக் தவழ்கிற வயசில் மெஷின் ஊசிக்கு அடியில் விரலைக் கொடுத்து, நகம் பிளந்தே வளர்ந்த விரல் அது. அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவள் அவள். அந்த விரலைப் பார்த்து, இது யார் விரலோ என்று அவளால் கேட்க முடியுமா? ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் ஃப்ளெக்ஸைத் திரும்பவும் கவிழ்த்துப் போட்டு, கல்லையும் வைத்துவிட்டு இறங்கினாள். வைத்தது யார் கை? அவள் கைதான்.

ஒரு கை தோள்மேல் கிடந்தால் கொலை செய்தான் என்று அர்த்தமா? அதையும் தன்னையே கேட்டுப் பார்த்தாள். கூட இருந்திருப்பான், போட்டோ எடுத்திருப்பார்கள், சண்டை வருகிற மாதிரி இருந்ததும் நமக்கு எதற்கு என்று எழுந்து வந்திருப்பான். அப்படித்தான் இருக்கும். எழுந்து வந்தவன் ஏன் சொல்லவில்லை? பயம். பதினேழு வயசுப் பயம். சரி. பயந்தவன் எதற்கு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய் அந்தப் போட்டோவையே கொடுத்தான்? கடைக்காரன் எல்லாருக்கும் செய்வதுபோல கழுத்துக்குக் கீழே கோட்டு ஒட்டித் தருகிறேன் என்றானாம். கோட்டு வேண்டாம், புதுச் சட்டையோடவே இருக்கட்டும் என்றானாம் இவன். அதை இவனேதான் அப்போது வீட்டில் வந்து சொன்னான், கண்ணெல்லாம் சிவந்து. அழுதுகொண்டு சொன்னானே. அதில் என்ன கள்ளம்? சிநேகிதன் அழகாக இருக்கிற போட்டோ அதுதான், அதைக் கொடுத்துவிட்டான், தன் விரலை அவன் பார்க்கவே இல்லை. கள்ளம் இருந்தால் பார்த்திருப்பான். அல்லது, கள்ளத்தையும் மீறின பாசம். கொன்றவனுக்கும் செத்தவன்மேல் பாசம் இருக்கலாமா? இந்த இடத்துக்கு வந்தால் அவள் புத்தி அறுந்த நூல்போல நின்றுவிடுகிறது, மறுபடி கோத்து முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உறுத்தியது. யுகா எதற்காகச் செத்தான்? சந்தேகத்துக்காக. கூண்டில் நிற்கிற மூன்று பேரில் ஒருவனான விமல் ஒரு பெண்ணோடு பழகியதை அவள் அண்ணனிடம் போட்டுக்கொடுத்தது யுகாதான் என்று அவர்களுக்குச் சந்தேகம். கேட்கக்கூட இல்லை. பிற்பாடு தெரிந்தது, சொன்னது பக்கத்து வீட்டுக்காரி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை இன்றைக்குக் காலேஜ் போய்க்கொண்டிருக்கும். இவளும் இப்போது அதைத்தானே செய்கிறாள்? பெற்ற பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல், விரலைப் பார்த்தேன் நகத்தைப் பார்த்தேன் என்று. கேட்டிருக்கலாம். ஒரு வாரமாக அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்க வாயெடுத்து, "இன்னொரு தோசை போடட்டா?" என்றுதான் கேட்டிருக்கிறாள். பதில் வந்துவிடுமே என்று பயம்.

எதிர்ப்பக்கம் நிழலில் அந்த மூன்று பையன்களுடைய அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். விமலுடைய அம்மா இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும், கோர்ட்டில் வேறு எதைப் பார்ப்பது? ஆனால் ரேஷன் கடையில் ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்று, சண்டைக்கு வருகிறாளோ என்று இவள் பயந்தபோது, "உங்க பையன் கெட்டிக்காரனுங்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். கெட்டிக்காரன் என்றால்? படிப்பில் கெட்டிக்காரன் என்றா ரேஷன் கடையில் சொல்வாள்? இவன் அங்கே இருந்திருந்தால் அந்த மூன்று பேரும் இவன் பேரைச் சொல்லாமல் விடுவார்களா என்று வசந்தாமணியின் புருஷன் கேட்டார். அவர் லாரியோடு நாக்பூர் பக்கம் எங்கேயோ இருந்துகொண்டு போனில் கேட்டார். அது சரியான கேள்வி என்று கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தாள். அப்புறம் ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது அதற்கும் பதில் வந்துவிட்டது. அவர்கள், நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை என்று கேஸ் நடத்துகிறார்கள். இவன் பேரைச் சொன்னால், தாங்கள் அங்கே இருந்ததாக ஆகிவிடும். ஆக அவர்கள் வாயை இவன் பூட்டியிருக்கிறான், இவன் வாயை அவர்கள் பூட்டியிருக்கிறார்கள். சாவி எங்கே என்று போலீசுக்குத் தெரியாது. கூரைமேல் கவிழ்ந்து கிடக்கிறது. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க்கா" என்றாள் பூங்கொடி. இவள் ஏன் இப்படி விடாமல் உபசரிக்கிறாள்? கௌசிக் வாராவாரம் பூங்கொடி வீட்டுக்குப் போய்த் தண்ணீர்க் கேன் தூக்கி வைக்கிறான், சிலிண்டர் மாட்டிக் கொடுக்கிறான், அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தான். ஊரில் எல்லாரும் பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்றார்கள், வசந்தாமணிக்கும் தலைகால் புரியாத பெருமை. இப்போது அந்தப் பெருமை முழுக்கக் குமட்டுகிறது. அவன் போனது அவளைப் பார்த்துக்கொள்ளவா, அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்துக்கொள்ளவா?

கௌசிக் மூன்று டீயைக் கையில் கோத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. முதலில் பூங்கொடிக்குத்தான் கொடுத்தான். "சூடா இருக்குதுங் அத்தை, பாத்து." பூங்கொடி கிளாசை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "கண்ணு, அந்தப் போட்டோ கேட்டேனல்லோ" என்றாள். வசந்தாமணி அள்ளின சோற்றை டப்பாவிலேயே விட்டாள். "எந்தப் போட்டோங்?" என்றான் கௌசிக். "பேனர்ல போட்டீங்கல்லோ, புதுச் சட்டையோட. எங்கிட்ட எல்லாம் சின்ன வயசுப் போட்டோதான் இருக்குது. அது ஒண்ணுதான் பெரிய மனுசனாட்டம் இருப்பான். வீட்டுல மாட்டலாம்னு." அவள் குரலில் ஒன்றுமே இல்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரல். "எம்பட போன் அப்பவே போயிருச்சுங் அத்தை, சொன்னேனுங்களே." "போன்ல இல்லாட்டிப் போவுது சாமி, பேனர் அடிச்ச கடையில வெச்சிருப்பாங்கல்லோ?" கௌசிக் டீயை ஊதினான். ஊதின நேரம் கொஞ்சம் அதிகம். "அந்தக் கடையையே மூடிட்டுப் போயிட்டாங்க அத்தை. நான் போயிக்கூடப் பாத்தேன்." அப்படியா என்றாள் பூங்கொடி. வசந்தாமணி தயிர்சாத டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் பஸ் அந்தக் கடையைத் தாண்டித்தான் வந்தது. வாசலில் காதுகுத்து பேனர் ஒன்றை ஈரமாக விரித்துக் காயப் போட்டிருந்தார்கள், கடைக்காரன் மிதிபடாமல் தாண்டித் தாண்டி நடந்தான். ஜன்னலோரம் கௌசிக்தான் உட்கார்ந்திருந்தான். அவனும் பார்த்தான். அம்மா பார்த்தாள் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் எதிரிலேயே, முகம் மாறாமல், அத்தை என்று சொல்லி, சொல்கிறான். அம்மா சொல்ல மாட்டாள் என்று அவ்வளவு நம்பிக்கை. ஒரு வாரமாக ஏணியில் நின்றுகொண்டிருந்த சந்தேகம் அப்போது இறங்கி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். எவ்வளவு அழகான பிள்ளை. கண்ணு, சாமி, இவனை எப்படி வளர்த்தேன் என்றுதான் இருந்தது அவளுக்கு. பயமாகவும் இருந்தது, தன் பிள்ளையின் பக்கத்தில் உட்கார.

உள்ளிருந்து டவாலி வந்து அவள் பெயரை இழுத்து மூன்று தடவை கூப்பிட்டான். "தைரியமா போயிட்டு வாம்மா" என்றான் கௌசிக். அவன் அடுத்த சாட்சி என்பதால் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். பூங்கொடி டப்பாவை மூடிப் பையில் வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்து, உள்ளே ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சாட்சிக் கூண்டுக்குள் ஏறிச் சத்தியம் சொன்னாள் வசந்தாமணி. வாய் சொன்னது. அரக்கு முத்திரை உடைத்துத் துணிப்பையிலிருந்து சட்டையை எடுத்து விரித்தார்கள். வாய்க்கால் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. "இது நீங்க தெச்சதுதானா?" "ஆமாங்." "எப்படிச் சொல்றீங்க?" "ஜோப்புல கட்டம் ஒட்டாதுங். துணி பத்தலைங்." டைப் அடிக்கிறவர் அடித்துக்கொண்டே போனார். அரசு வக்கீல் சின்ன வயசுக்காரர், அவசரத்தில் இருந்தார், காகிதத்தைப் பார்த்தே கேட்டார். "சம்பவத்தன்னைக்குச் சாயங்காலம் உங்க மகன் கௌசிக் வீட்டுல இருந்தாரு, சரிதானே?" ஆமாங் என்றால் முடிந்தது. மற்ற எல்லாக் கேள்விக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள், நாக்கு அந்தத் தடத்திலேயே நின்றது. எதிர்க் கூண்டில் அந்த மூன்று பையன்களும் தலையைக் குனிந்திருந்தார்கள். விமல் மட்டும் நிமிர்ந்தான். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கலாம். கௌசிக்குக்குக் காலேஜ் இருக்கிறது, நாளைக்கு வேலை, ஒரு கல்யாணம், இவள் கையில் பேரப் பிள்ளை. அதுவும் ஓடி வந்து மெஷினுக்கு அடியில் விரலைக் கொடுக்கும். "அம்மா, கேள்வி புரிஞ்சுதா?" என்றார் வக்கீல். புரிந்தது என்று தலையாட்டினாள். "இருந்தான்னு சொன்னேனுங்" என்றாள். டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. "மாடியில படுத்துருந்தான்னு சொன்னேனுங். ஆனா நான் மேல ஏறிப் பாக்கலீங்." டைப் சத்தம் நின்றது. வக்கீல் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன சொல்றீங்க, தெளிவாச் சொல்லுங்க" என்றார். "அவன் ஊட்டுல இருந்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங். நான் பாக்கலீங், அம்மா." சொல்லிவிட்டுக் கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பூங்கொடியைத் தேடினாள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூங்கொடி மட்டும் பார்க்கவில்லை. அவள் உள்ளே வந்து உட்கார்ந்தது முதல், திரும்பி வாசலில் நிற்கிறவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.